ஒட்டு தெரியாத வெட்டு

கல்யாணமாகி நாற்பது நாள் கழித்து அவர் தன் கல்யாண வீடியோவை வெட்டினார். மூன்றேகால் மணி நேரம் ஓடியது பதினோரு நிமிடமாகச் சுருங்கிற்று. மாமியாரின் அக்கா அதில் எந்த மூலையிலும் இல்லை. வீட்டில் கேட்டபோது, "அவங்க வந்ததால கல்யாணத்துல என்ன மாறிச்சு? ஒண்ணும் மாறலையே" என்று பச்சைக் குழந்தை போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். மனைவியின் அந்தப் பெரியம்மா அதன் பிறகு நான்கு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த அம்மாள் இல்லாமலும் குடும்பம் ஓடிக்கொண்டிருந்ததால் தன் வெட்டு சரிதான் என்றே அவருக்குப் பட்டது.

அவர் படத்தொகுப்பாளர். தொழிலில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். முகத்துக்கு நேரே கத்தரி சார், முதுகுக்குப் பின்னால் வெறும் கத்தரி. உண்மையான கத்தரியை அவர் தொட்டு இருபது வருடமாகிறது; வெட்டுவதெல்லாம் கணினியில்தான். ஆனாலும் விரல்கள் இரண்டும் எப்போதும் மடங்கி விரிந்துகொண்டே இருக்கும். மனைவி கடைத்தெருவில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், "பஸ் ஏறினதை விடு, நேரா கடைக்கு வா" என்பார். அவள் கடைக்கு வந்தால், "கடைக்காரன் மூஞ்சிய விடு, என்ன சொன்னான்?" என்பார். கடைசியில் அவள் ஒரே வரியில் சொல்லப் பழகிக்கொண்டாள். பிறகு அந்த ஒரு வரியையும் சொல்லாமலிருக்கப் பழகிக்கொண்டாள். வீடு நல்ல வேகமாகத்தான் ஓடிற்று.

அவருக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது சண்டைக் காட்சி. சண்டை தொடங்கும்போது கதை தெருமுனையில் நின்று பீடி பற்றவைத்துக்கொள்கிறது, சண்டை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து நடக்கிறது என்பார். திரைப்படக் கல்லூரியில் வருடத்துக்கு ஒருமுறை பேசக் கூப்பிடுவார்கள். "அடி விழுந்தா எதாவது மாறணும். அடிச்சவன் மாறணும், இல்ல அடிபட்டவன் மாறணும், இல்ல பாத்தவன் மாறணும். மூணு பேரும் அப்படியே இருந்தா அது சண்டை இல்ல, உடற்பயிற்சி" என்பார். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு முதல் விருது வாங்கிக் கொடுத்ததே ஒரு சண்டைக் காட்சிதான். ஒரே ஒரு அறை, நான்கு நொடி. அந்த அறைக்கு முன்னும் பின்னும் எடுத்திருந்த ஏழு நிமிடத்தை அவர் தூக்கிப் போட்டிருந்தார்.

தூக்குவதா வைப்பதா என்பதற்கு அவரிடம் ஒரு சோதனை இருந்தது. அதற்கு மூன்று நாற்காலி என்று பெயர். படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத மூன்று பேரை வேலை செய்யும் அறையில் உட்காரவைப்பார். அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா, லிஃப்ட் ஓட்டுகிறவர், கீழ்த்தளத்தில் பல் கட்டுகிற டாக்டர். சந்தேகத்துக்குரிய காட்சியை எடுத்துவிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டுவார். முடிந்ததும் வாயைத் திறக்காமல் இரண்டு நிமிடம் காத்திருப்பார். யாராவது ஏதாவது கேட்டால் காட்சி பிழைத்தது. ஒருவரும் ஒன்றும் கேட்காவிட்டால் போயிற்று. கோடி கோடியாகக் கொட்டி எடுத்த சண்டைகள் பெருக்குகிற அக்காவின் கொட்டாவியில் செத்துப்போயிருக்கின்றன. "அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்?" என்று இயக்குநர்கள் கத்துவார்கள். "அதான் கூப்பிட்டேன்" என்பார்.

இப்படிப்பட்டவர் தன் கல்யாண வீடியோவில் ஒருவனுக்கு மட்டும் முழுசாகப் பத்து நொடி ஒதுக்கியிருந்தார். மனைவியின் தம்பி. அப்போது அவனுக்குப் பதினெட்டு. பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் ஈரத் தரையில் வழுக்கி, பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, முதுகில் விழுந்து, விழுந்த வேகத்திலேயே எழுந்து நின்றான். வாளி கையிலேயே இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கல்யாணத்தில் அவருக்குத் தூக்க மனசு வராத ஒரே காட்சி அதுதான். "யார்டா இவன், ரப்பரா?" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். தெரிந்த சண்டை மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டுபோய், "என் மச்சான். விழறான், எழுந்துக்கறான். பாத்துக்குங்க" என்று விட்டுவிட்டு வந்ததும் அவர்தான்.

பதின்மூன்று வருடம் ரப்பர் விழுந்தான், எழுந்தான். அவன் விழுந்த காட்சிகளில் முக்கால்வாசியை மாமாவே வெட்டி எறிந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அதுவே பேச்சாக இருக்கும்.

"மாமா, போன படத்துல கண்ணாடி உடைச்சுட்டு வந்தேனே?"

"தூக்கிட்டேன்."

"மாடியில இருந்து?"

"அதையும்தான்."

"நான் செத்தாலாவது வைப்பீங்களா மாமா?"

"செத்ததால கதையில என்ன மாறுதுன்னு பாத்து வைக்கிறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். ரப்பர்தான் அதிகம் சிரிப்பான். மாமாவின் கொள்கையில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. சக ஆட்களிடம், "எங்க மாமா ஒரு சண்டையை வெச்சார்னா அதுல விஷயம் இருக்குன்னு அர்த்தம்" என்பான். ஆனால் அவன் விழுந்த ஒன்றைப் பார்த்து மாமா நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தை சொல்லி அவன் கேட்டதில்லை.

*

பதின்மூன்றாவது வருடம் இருவரும் வேலை பார்த்த படத்தின் கதை சிக்கலானதல்ல. அப்பா மேல் திருட்டுப் பழி. அதைத் துடைக்கும் காகிதங்கள் ஒரு பையில் இருக்கின்றன. பை, கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் எட்டு அடியாட்களின் காவலில் இருக்கிறது. கதாநாயகன் போகிறான், அடிக்கிறான், பையோடு வருகிறான். மறுநாள் காலை வக்கீல் மேசையில் பையை வைக்கிறான். எட்டுப் பேரில் ஆறாவது ஆள் ரப்பர். இரண்டாவது மாடி விளிம்பிலிருந்து கீழே அடுக்கிய அட்டைப்பெட்டிகள் மேல் விழ வேண்டும்.

இயக்குநர் ஒரு காலத்தில் கத்தரியிடம் உதவியாளராக இருந்தவர். பக்தி அதிகம். மூன்றாவது டேக் எடுத்ததும் அதைச் செல்போனில் அனுப்பிவைத்து, "சார், இதாவது தேறுமா?" என்று கேட்டார். கத்தரி அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் போனைப் பிடித்துப் பார்த்தார். விழுகிறவன் விழுவதற்கு முன் ஒரு கணம் தோளைத் திருப்பிக் கீழே பார்ப்பது அவர் கண்ணை உறுத்தியது. ஒன்பது நொடியில் ஒரு குரல்பதிவு அனுப்பினார்.

"விழறவனுக்கு விழப்போறோம்னு தெரியுது. தெரியாம விழணும். அப்பதான் அதுல எதாவது இருக்கும். இன்னொண்ணு எடு."

நான்காவது டேக்கில் அடிக்கிறவன் தவறு செய்தான். ஐந்தாவதில் புழுதி கேமராவை மறைத்தது. ஆறாவதில் ரப்பர் விளிம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல், தெரியாமல் விழுந்தான். ஒரு முழம் தள்ளி விழுந்தான். சாரத்தின் இரும்புக் குழாய் அவனை நடுமுதுகில் வாங்கிக்கொண்டது. இந்த முறை எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில், மனைவி ஒரு பக்கமும் மாமியார் ஒரு பக்கமுமாக அழுதுகொண்டிருக்கையில், கத்தரி போனை எடுத்து அந்த ஒன்பது நொடியைத் தேடிப் பிடித்தார். 'அனைவரிடமிருந்தும் நீக்கு' என்பதை அழுத்தினார். வாழ்க்கையில் அவர் செய்த மிக வேகமான வெட்டு அதுதான். இயக்குநருக்குத் தெரியும், இயக்குநர் வாய் திறக்க மாட்டார். வேறு யாருக்கும் தெரியாது என்று எடுத்துக்கொண்டார்.

*

ரப்பருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தன்னுடையதாக இல்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டார்கள். எதிர்ச் சுவரில் டிவி. சத்தத்தை அணைத்துவிட்டு நாள் முழுக்கச் சண்டைக் காட்சியாகத் தேடித் தேடிப் பார்ப்பான். "இவன் கைய ஊனிட்டான், மணிக்கட்டு போயிடும்." "இவன் நல்லா விழறான், ஆனா சீக்கிரம் எழுந்துக்கறான்." அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவன் சொன்னாலும் கேட்கமாட்டார். முதல் மாதம் கூட வேலை பார்த்தவர்கள் கும்பலாக வந்தார்கள். இரண்டாம் மாதம் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து போனில் விசாரித்தார்கள்.

"சீன் எப்படி வந்திருக்கு மாமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"இன்னும் எடுத்துப் பாக்கல."

"அவசரமில்ல. நான் எங்க போகப்போறேன்."

அன்று மனைவி சமையலறைக்கு வரச்சொல்லி கதவைச் சாத்தினாள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வரிக்கு மேல் பேசினாள்.

"என்னங்க, உங்க தொழில்ல நான் என்னைக்காவது தலையிட்டிருக்கேனா? பெரியம்மாவைத் தூக்குனப்பகூட வாய மூடிட்டுத்தான் இருந்தேன். இது ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த சீன் இருக்கணும். இருந்தாத்தான் அவன் எதுக்கோ விழுந்தான்னு ஆகும். இல்லைன்னா சும்மா உடைஞ்சான்னு ஆயிடும். அவன் முதுகு அதுக்குள்ள இருக்குங்க."

"இருக்கும்" என்றார்.

"இருக்குமா, இருக்கா?"

"இருக்கும்மா."

மறுநாள் மூன்று நாற்காலியைப் போட்டார். கொள்கையை யாருக்காகவும் தளர்த்தாதவர் என்று பெயர் வாங்கியவர். பெயருக்காகவாவது போட வேண்டியிருந்தது. சண்டையை எடுத்துவிட்டார். கதாநாயகன் கட்டடத்துக் கதவைத் திறந்து உள்ளே போகிறான்; அடுத்த கணம் வக்கீல் மேசையில் பை. படம் முடிந்தது. இரண்டு நிமிடம் காத்திருந்தார். நான்கு நிமிடம் காத்திருந்தார்.

"ஏதாவது கேக்கணுமா?" என்று, தன் வாழ்நாளில் முதன்முறையாக அவரே கேட்டார்.

"நல்லா இருந்துது சார்" என்றார் லிஃப்ட்காரர்.

"இல்ல, அந்தப் பை எப்படிக் கெடச்சுதுன்னு…" என்று அவரே எடுத்துக்கொடுத்தார்.

"ஈரோதானே போனாரு?" என்றாள் பெருக்குகிற அக்கா. "போனா கெடைக்காதா?"

பல் டாக்டர் தூங்கிப்போயிருந்தார்.

*

அதன் பிறகு அவர் செய்த காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் கல்லூரியில் ஒரு மணி நேரம் அதைக் கிழித்துப் பேசியிருப்பார். தன் சோதனையில் தோற்ற சண்டைக்குத் தானே அர்த்தம் தேட ஆரம்பித்தார்.

முதலில் ஆறாவது டேக்கை எடுத்தார். அதை வைப்பதுதான் நியாயம். இருபது முறை ஓட்டினார். முதல் மூன்று முறை கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது முறையிலிருந்து தொழில்காரனின் கண்ணால் பார்த்தார். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. ஆறாவது டேக் பொய்யாக இருந்தது. உடம்பு துணிமூட்டை மாதிரி போயிற்று. கை எதையும் பிடிக்கப் பார்க்கவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. நடிக்கத் தெரியாதவன் ஒருவன் சோம்பேறித்தனமாக விழுந்தது போல இருந்தது. மூன்றாவதைப் போட்டுப் பார்த்தார். விழுவதற்கு முன் கீழே பார்க்கும் அந்த ஒரு கணம், எதை வேண்டாம் என்று சொன்னாரோ அந்தக் கணம், அதுதான் பயத்தை உண்டாக்கியது. மூன்றாவதே போதும் என்றிருந்தால் ரப்பர் அன்று மாலை பெட்டிகளுக்குள்ளிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்து வந்திருப்பான்.

மூன்றாவதையே வைத்தார்.

விழுந்தவனால் கதையில் எதாவது மாற வேண்டும். அடித்தவன் திரும்பிப் பார்த்தால் மாறும். கதாநாயகன் திரும்பிப் பார்க்கிற மாதிரி யாரும் எடுத்திருக்கவில்லை. எடுத்ததையெல்லாம் சலித்து ஒரு துண்டைக் கண்டுபிடித்தார். ஷாட் முடிந்தபின் கேமரா அணையாமல் ஓடிய நேரத்தில், சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா என்று கதாநாயகன் எட்டிப் பார்த்த ஐந்து நொடி. கண்ணில் ஏக்கம், உதட்டில் ஒரு தவிப்பு. அதை ரப்பர் விழுந்ததற்கு அடுத்து ஒட்டினார். பசி பச்சாதாபமாகிவிட்டது. வக்கீல் அறையில் கதாநாயகனுக்கு வசனம் மறந்துபோய் அவன் பையின் மேல் கைவைத்தபடி நின்ற மூன்று நொடியையும் எடுத்துச் சேர்த்தார். மறதி மனசாட்சியாகிவிட்டது. அந்தப் படத்தில் முதன்முறையாக ஒருவன் ஒருவனை அடித்ததால் ஏதோ நடந்திருந்தது.

மறுபடி மூன்று நாற்காலி. படம் முடியக்கூட இல்லை, பெருக்குகிற அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"சார், மாடியில இருந்து விழுந்துச்சே அந்தப் புள்ள, பொழைச்சுதா?"

"அவன் வீட்டுக்குச் சொல்லி விட்டாங்களா?" என்றார் லிஃப்ட்காரர். "அதுக்கப்புறம் ஒருத்தனும் அவனைப் பத்தி வாயத் தொறக்கலையே!"

பல் டாக்டர் விழித்திருந்தார். "முதுகுல அடிபட்டிருக்கும்" என்றார். "எழுந்திருக்கறது கஷ்டம்."

வேலை பார்த்த முப்பது வருடத்தில் கத்தரி ஜெயிக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே சண்டை ஜெயித்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் கட்டிலருகில் நின்று, "வந்திருக்குடா" என்றார். ரப்பர் டிவியை அணைத்தான். மாமியார் பெரியம்மாவுக்குப் போன் போட்டார்.

இயக்குநர் மறுநாள் வந்து பார்த்தார். பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரமாதம் சார். இப்படி ஒண்ணை நான் எடுக்கவே இல்ல. நீங்கதான் உண்டாக்கியிருக்கீங்க."

"ம்."

"என்ன கேட்டாங்க?"

"மூணு பேரும் அவனைத்தான் கேட்டாங்க."

"அதான் சார் பிரச்சினை." இயக்குநர் நாற்காலியை இழுத்து நெருக்கமாகப் போட்டுக்கொண்டார். "அவன் பொழைச்சானான்னு கேக்கறாங்க. நம்மகிட்ட பதில் இல்ல. அவனை மறுபடி கூட்டிட்டு வந்து எடுக்கவா முடியும்? ஜனங்க மனசு அந்த மாடிக்குக் கீழயே நின்னுடும். மீதி ஒண்ணரை மணி நேரம் என் ஹீரோவைக் கொலைகாரனா பாப்பாங்க. முன்னாடி அது கதையில இல்லைன்னு தூக்கணும்னீங்க. இப்போ கதையே அதுவாயிடுச்சு. நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் சார். பதில் இல்லாத கேள்விய உள்ள விடக்கூடாது."

"கடைசிச் சண்டை பன்னிரண்டு நிமிஷம் ஓடுதே. அதுல நாப்பது பேர் விழறான். அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவங்களை யாரும் கேக்கமாட்டாங்களே சார்."

கத்தரி சண்டைபோட்டுப் பார்த்தார். மச்சான் என்றார், குடும்பம் என்றார், முதுகு என்றார். தன் குரல் தனக்கே பழைய இயக்குநர்களின் குரல் போலக் கேட்டது. கஷ்டப்பட்டு எடுத்தேன், ரத்தம் சிந்தி எடுத்தேன் என்று இதே அறையில் இதே இடத்தில் நின்று கெஞ்சியவர்களின் குரல். அவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: நீ பட்ட கஷ்டம் திரையில் தெரியாது. இயக்குநர் அதைச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர். தலையைக் குனிந்துகொண்டார்.

"என் அசிஸ்டன்ட் பசங்கள்ல ஒருத்தனை விட்டு நான் வெட்டச் சொல்றேன் சார். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"வேணாம்" என்றார் கத்தரி. "அவனுங்க வெட்டினா ஒட்டு தெரியும்."

அவரே வெட்டினார். கதவு மூடும் சத்தத்தின் கடைசித் துளியில் வக்கீல் மேசையில் பை விழும் சத்தத்தைக் கொண்டுவந்து பொருத்தினார். இரண்டும் ஒரே சத்தம் போலக் கேட்டது. அழகான வெட்டு. இரண்டு முறை ஓட்டிப் பார்த்துத் தன்னை அறியாமல் தலையாட்டினார்.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

*

படம் வெளியான மூன்றாம் நாள், பகல் காட்சிக்கு நான்கு பேரும் போனார்கள். மனைவி புதுப் புடவை கட்டியிருந்தாள். மாமியார் கண்ணாடியை இருமுறை துடைத்து வைத்துக்கொண்டார். ரப்பரின் சக்கர நாற்காலியை நடைபாதை ஓரமாக நிறுத்த தியேட்டர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள். முகச்சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். போகிற வழியில் கத்தரிக்கு ஐந்து இடத்தில் வாய் வந்தது. ஐந்து இடத்திலும் அடுத்த இடத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார்.

கதாநாயகன் கட்டடத்துக் கதவில் கைவைத்தான். மனைவி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது. பை மேசையில் விழுந்தது.

அரங்கம் அசையவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை, நம்ம பையன் எப்போ வருவான்?" என்று மாமியார் குனிந்து கேட்டார்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்குச் சந்தேகம் தட்ட ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு பின்னால் காட்டுவார்களோ என்று நினைத்து இடைவேளைவரை காத்திருந்தாள். விளக்குப் போட்டதும் எழுந்து நின்று அவரைப் பார்த்தாள்.

"பெரியம்மாவைத் தூக்குன மாதிரியே" என்றாள். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒரே வரி. அவர் பழக்கியதுதான்.

ஜனங்கள் பாப்கார்னுக்குப் போனார்கள். வரிசையில் அவரும், நடைபாதையில் அவனும் மிச்சம்.

"ஒட்டு தெரியல மாமா" என்றான் ரப்பர்.

"மச்சான், நான் வைக்கத்தான் பாத்தேன்."

"தெரியும். தூக்கினது கையில இருக்கா?"

இருந்தது. போனில் ஏற்றி வைத்திருந்தார், எதற்கென்று தெரியாமலே. வாங்கி, முகத்தருகே வைத்துக்கொண்டு பார்த்தான். ஒன்றே முக்கால் நிமிடம். தன் இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தான்.

"இது மூணு" என்றான்.

அவர் போனை வாங்கக் கை நீட்டினார்.

"தோள் திரும்புது பாருங்க. இது மூணாவது. ஆறு என்ன ஆச்சு?"

எதையும் எங்கும் வெட்டி ஒட்டத் தெரிந்தவருக்கு ஒரு பொய் ஒட்டவரவில்லை. "ஆறு… பொய்யா தெரிஞ்சுதுடா."

ரப்பர் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"நிஜமா விழுந்தா பொய்யாத்தான் தெரியும் மாமா. மாஸ்டர் முதல் நாளே இதைத்தான் சொல்லித் தருவாரு. விழறதுக்கு அரை நொடி முன்னாடி விழப்போறோம்னு காட்டணும். அப்பதான் பாக்கறவனுக்குப் பகீர்ங்கும். தெரியாம விழுந்தா மூட்டை மாதிரி இருக்கும்."

"தெரிஞ்சுமா அப்படி விழுந்தே?"

"நீங்க கேட்டீங்களே." போனை அவர் மடியில் வைத்தான். "உங்க குரலை ஸ்பீக்கர்ல போட்டாங்க. முப்பது பேர் கேட்டோம். பதிமூணு வருஷத்துல என் வேலையப் பத்தி நீங்க பேசி நான் கேட்டது அது ஒண்ணுதான். மாஸ்டர்கூட வேணாம்னாரு. நான்தான், மாமா சொன்னா அதுல விஷயம் இருக்கும்னு சொல்லிட்டு ஏறினேன்."

"தப்புன்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாமேடா!"

"உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்னு அன்னைக்குத் தோணலையே மாமா."

மணி அடித்தது. விளக்கு அணைந்தது. மனைவியும் மாமியாரும் வந்து உட்கார்ந்தார்கள். மனைவி அவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டிருந்தாள். படம் ஓடிற்று. கடைசியில் அந்தப் பன்னிரண்டு நிமிடம் வந்தது. கதாநாயகன் ஒருவனை ஜன்னல் வழியாக எறிந்தான், ஒருவனைத் தூணில் மோதினான். தியேட்டர் எழுந்து நின்றது. காகிதம் பறந்தது. ரப்பர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். உடம்பில் மிச்சமிருந்த பலம் முழுவதும் அந்த விசிலில் இருந்தது. "ஆஹா, நல்லா விழறான்! யார்ரா அவன்?" என்று கத்தினான்.

"இதுல இருக்கியாடா?" என்றார் அம்மா.

"பாரும்மா. பாத்துக்கிட்டே இரு."

மாமியார் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டி, விழுந்த ஒவ்வொருவன் முகமாகத் தேட ஆரம்பித்தார். சண்டை இன்னும் ஒன்பது நிமிடம் ஓடும் என்பது அங்கே கத்தரி ஒருவருக்குத்தான் தெரியும்.